பழைய கட்டடங்களும் ஓவிய வகுப்பும்

(ஓவிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வண்ணம் புதிதல்ல. பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று அச்சடித்த படங்களுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். "பிடித்ததை வரையுங்கள்" என்றால் பாதிப் பேர் காலண்டர் லட்சுமியை வரைவார்கள். மீதிப் பேர் இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன். நானும் பல ஆண்டுகள் அதற்கே மதிப்பெண் போட்டு வந்தேன்.

காலண்டர் படங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பேர் வாங்கித் தந்த கோவில்பட்டி கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். ஆனால் நம் பிள்ளைகள் பார்ப்பது அவர் படத்தை. அவர் பார்த்த தூணையும் மண்டபத்தையும் அல்ல.

ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்பை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துச் சென்றேன். ஆண்டாள் கோயில் கோபுரம் பதினொரு நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது இதுவா, மதுரை மேலக்கோபுரமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது! "மேலே போகப் போக என்ன குறைகிறது?" என்று கேட்டேன். அகலம் என்றார்கள். ஒரு மாணவி பென்சிலை நீட்டி அளந்து, நிலைகளின் உயரமும் குறைவதைச் சொன்னாள். கொஞ்சம் தூரத்தின் வேலை, கொஞ்சம் ஸ்தபதியின் வேலை.

ஒரு மாணவன் கோபுரத்தை வரையவே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை வரைந்திருந்தான். மாதத்தில் பல நாள் பள்ளிக்கு வராத பிள்ளை. அம்மா பட்டாசு ஆலைக்குப் போய்விட்டால் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "சுவர் கோணல், அடிக்கோல் வைத்துத் திருத்து" என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

கிளம்பும்போது, "சார், இங்க வந்து உட்கார்ந்து பாருங்க" என்றான்.

உட்கார்ந்தேன். சுண்ணாம்புச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. திண்ணைத் தூண் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் சுவரைப் பார்க்காமலே படத்தைத் திருத்தியிருக்கிறேன். எல்லார் முன்னிலையிலும் மதிப்பெண்ணை அடித்து மாற்றி எழுதினேன்.

1792-இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் திருமலை நாயக்கர் மாளிகையை இடிந்த கோலத்திலேயே வரைந்தார்கள். அன்று அது எப்படிக் கிடந்தது என்று அறிய இன்றும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம்.

அடுத்த ஓவிய வகுப்புக்கு அந்த மாணவன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

இதற்கு பஸ் ஏற்பாடெல்லாம் வேண்டியதில்லை. ஊர்ச் சாவடி, தெப்பக்குளத்துப் படிக்கட்டு, பழைய பள்ளிக் கட்டடம் எதுவும் போதும். விருதுநகர்க்காரர்களுக்குக் காமராசர் இல்லம் இருக்கிறது. சிறிய வீடு, ஆறாம் வகுப்புக்கு ஏற்றது. வெயிலுக்கு முன் காலையில் போங்கள், நிழல் நீளமாக விழும். முதல் அரை மணி நேரத்துக்கு அழிப்பானையும் அடிக்கோலையும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.