நாணயமும் வாணிகமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல்லை வழங்குவது நம் மொழி. தெருக்கோடி மளிகைக்காரர் நாணயமானவரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பின்னரே நம் அன்னையர் அவரிடம் கணக்கு வைத்துக்கொண்டனர். பெரிய நிறுவனங்களைப் பற்றி நாம் அவ்வாறு விசாரிக்கிறோமா?

1906-ஆம் ஆண்டுச் சென்னையை நினைவிற் கொள்வோம். பாரி, பின்னி, ஆர்பத்நட் என்னும் மூன்று ஆங்கிலேய வணிக இல்லங்கள் அந்நகரில் ஓங்கியிருந்தன. ஆர்பத்நட் வங்கித் தொழிலும் நடத்தியது. பழம்பெரும் இல்லம், வெள்ளையர் நடத்துவது, இதனினும் வேறு பிணை வேண்டுமோ என்று எளிய மக்களும் தம் சேமிப்பை அங்கே கொண்டு சேர்த்தனர். அக்டோபர் 22 அன்று அது கதவடைத்தது. இலண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் வழியே பணம் துணிகர முதலீடுகளிற் கரைந்து போயிருந்தது. அவர் உயிரை மாய்த்துக் கொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நட் மோசடிக் குற்றத்திற்காகப் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அதனால் பணம் இழந்த வீடுகளில் அடுப்பு எரிந்துவிடவில்லை என்பது வேறு.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. மக்கள் பணத்தைப் பானையிற் புதைத்து வைத்துவிடவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நம்மவர் வங்கி ஒன்றுக்கு ஆதரவு திரட்டினார். நகரத்தார் பெருமக்களும் துணை நின்றனர். 1907 மார்ச்சு 5-இல் இந்தியன் வங்கி பதிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் பாரி கட்டடத்திலேயே அலுவலைத் தொடங்கிற்று! நம்பிக்கை ஒருவரிடமிருந்து நீங்கி மற்றொருவரைச் சேர்ந்ததே அதன் முதல் மூலதனம் என்போம்.

நம்மவர் என்றால் நாணயம் தானே வந்துவிடும் என்று கொள்ளற்க. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தபோது நம்மவரே நம்மவரால் கலங்கினர்.

இத்தில்லியிலும் ஒன்று கண்டோம். 1998-இல் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தமையால் நீர்க்கோவை நோய் பரவி, அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நல்லெண்ணெய்த் தாளிதம் பலரைக் காத்தது எனத் தமிழ் வீடுகளில் பெருமை பேசியதுண்டு. அஃது அறிவன்று, பழக்கம். அரசு உதிரி விற்பனையைத் தடுத்தது. நேர்மையாய் எண்ணெய் ஆட்டிய சிறு செக்காரரும் பிறர் செய்த பிழையால் வாடிக்கை இழந்தார். ஒருவன் கலப்படம் செய்தால் அத்தெருவே நட்டப்படுகிறது.

இவற்றையெல்லாம் இன்று கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் கட்டட நிதி வைப்புத் தொகையாக இருக்கிறது. அடுத்த மாதம் தவணை முடிகிறது. அஃது உங்கள் வீட்டுப் பெண்கள் மாதந்தோறும் எடுத்துவைத்த பணம். வங்கியினும் மிகுந்த வட்டி தருவதாக ஒரு நிறுவனம் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறது. உறுப்பினர் சிலர் உடனே மாற்றலாம் என்கின்றனர். அவர்கள் சொல்லும் வட்டிக் கணக்கில் பிழையில்லை. அந்நிறுவனத்தின் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளை அனுப்புமாறு நாம் கேட்டு எழுதி ஐந்து வாரம் ஆகிறது. வட்டி விகிதம் அச்சிட்ட வண்ணத்தாள் மட்டும் இரண்டாம் முறையாக வந்து சேர்ந்திருக்கிறது.