மூளைக்குள் ஒரு முடிச்சு



“தலையிலே நரம்பு வெடித்துவிட்டது” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் வெடிப்பது நரம்பன்று, இரத்தக் குழாய். வயது முதிர்ந்தவர்களுக்கு இது பெரும்பாலும் இரத்தக் கொதிப்பினால் வருகிறது. ஆனால் இரத்தக் கொதிப்பே இல்லாத பள்ளிப் பிள்ளைக்கோ, இருபது முப்பது வயது இளைஞருக்கோ இப்படி நேர்ந்தால், “காத்து கருப்பு”, “செய்வினை” என்று பேச்சுக் கிளம்பிவிடுகிறது. இளவயதில் இப்படி நேர்வதற்கு முக்கியமான ஒரு காரணத்தை இன்று அறிந்துகொள்வோம். மருத்துவர்கள் அதனை ஏ.வி.எம். என்பார்கள். மூளையில் தமனியும் சிரையும் தவறாகப் பின்னிக்கொண்ட முடிச்சு என்று நாம் சொல்லலாம்.

தமனி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தை வேகமாகக் கொண்டு வரும் குழாய். சிரை என்பது அதைத் திருப்பிக் கொண்டு போகும் குழாய். இரண்டுக்கும் நடுவே, தலைமயிரினும் மெல்லிய தந்துகிகள் இருக்கின்றன. அங்கேதான் இரத்தத்தின் வேகம் தணிகிறது. மூளைக்கு உயிர்க்காற்று கிடைக்கிறது.

நமது மலைச்சரிவை எண்ணிப் பாருங்கள். தேயிலை நிரைகளுக்கு இடையே குறுக்குக் கான்கள் வெட்டியிருக்கிறோம். மழைநீர் அவற்றில் தங்கித் தணிந்து, மண்ணை நனைத்து இறங்குகிறது. அந்தக் கான்கள் இல்லாமல் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஒரே பள்ளமாக நீர் பாய்ந்தால் என்ன ஆகும்? பக்கத்துச் செடிக்கு நீர் சேராது. கீழே உள்ள கரையும் ஒரு நாள் உடையும். ஏ.வி.எம். உள்ள இடத்தில் தந்துகிகள் இல்லை. தமனியின் வேகம் முழுவதும், அதைத் தாங்கும் வலுவில்லாத சிரைமீது மோதுகிறது.

இது தொற்றுநோயன்று. தாய் கருவுற்றிருந்தபோது எதையோ தின்றதனால் வந்ததுமன்று. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதுமில்லை. அடிக்கடி மூக்கில் இரத்தம் வடியும் ஒரு வகைப் பரம்பரை நோய் உள்ள சில குடும்பங்களில் மட்டும் தொடரலாம். ஆகவே எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பலருக்கு ஆயுள் முழுவதும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்கு வலிப்பு வரும். வலிப்பு என்றால் கைகால் உதறுவது மட்டுமன்று. வகுப்பில் பிள்ளை திடீரென்று வெறித்துப் பார்க்கும். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு கை மட்டும் துடிக்கும். அதைக் குறும்பு என்று எண்ணி அடிக்கலாகாது. குழாய் வெடித்தாலோ, இதுவரை கண்டிராத கடுந்தலைவலி நொடியில் தாக்கும். வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல், மயக்கம் ஆகியன தொடரும்.

அப்போது என்ன செய்வது? 999ஐ அழையுங்கள், தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லி அனுப்புங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை, கரண்டி எதுவும் வேண்டாம். கையில் இரும்பைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தலைவலிக்கென்று ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது இரத்தக் கசிவைக் கூட்டும். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பச் சொன்னால் தயங்காதீர்கள். தாப்பா வழியானாலும் சிம்பாங் பூலாய் வழியானாலும் நமது பாதை நீண்டது. விபூதி போட்டு விடியட்டும் என்று காத்திருந்தால், இழந்த நேரத்தை எந்த வண்டியாலும் மீட்க முடியாது.

மருத்துவம் இதில் வெகுதூரம் வந்திருக்கிறது. 1927-ல் போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்தது.

இன்று மூன்று வழிகள் உண்டு. மண்டையோட்டைத் திறந்து முடிச்சை அகற்றுவது ஒன்று. தொடையிலுள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பசை போன்ற மருந்தால் அடைப்பது மற்றொன்று. கூரிய கதிர்களைப் பாய்ச்சுவது மூன்றாவது. இதில் முடிச்சு மூட இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.

பொதுவாக ஒரு முடிச்சு ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு. ஒருமுறை வெடித்தால், அடுத்த ஓராண்டில் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். வெடிக்காதவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. அந்த ஆய்வுக் காலத்தில், முடிச்சை அகற்ற முயன்றவர்களைவிட, மருந்து மட்டும் எடுத்துக் கண்காணிப்பில் இருந்தவர்களே பாதிப்புக் குறைந்திருந்தார்கள். கண்காணித்த ஆண்டுகள் போதா என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. ஆகையால் “பொறுத்துப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னால் அது கைவிட்டதாகாது. முடிச்சு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, நோயாளியின் வயது என்ன என்று எடைபோட்டே அப்படிச் சொல்கிறார். செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று இரண்டையும் கேளுங்கள். மலாய் சரளமாக வராத பெரியவர்களுடன் படித்த பிள்ளை ஒருவர் போகட்டும்.

வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இந்த முடிச்சுள்ள பெண்கள் கருவுற்றால் முதலிலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குறித்த நாளில், கொழுந்து மும்முரமாக இருந்தாலும், ஒரு நாள் சம்பளம் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும்.

வலிப்பு வந்த பிள்ளையும் படிக்கலாம், ஓடி விளையாடலாம், நாளை குடும்பம் நடத்தலாம். அந்தப் பிள்ளையை ஒதுக்கி வைக்காமல், உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்ப்பது நம் கடமை.