நனைந்த பாஸ்புக்



2005 நவம்பரில் கோரையாறு உடைத்துக்கொண்டு திருச்சிக்குள் புகுந்தபோது அரிசியும் போர்வையும் சுமந்துபோனோம். இப்போது இன்னொன்றும் செய்கிறோம். வெள்ளம் உயிரைக் கொண்டுபோன வீட்டில் ஜெபித்து முடித்ததும், இறந்தவரின் பாஸ்புக்கைக் கேட்கிறோம். நனைந்திருந்தாலும் பரவாயில்லை.

மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்போம். 2022 வரை அது 12 ரூபாய். 2015-இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீடு அது. வெள்ளம், புயலில் இறந்தாலும் 2 லட்சம் உண்டு; ஒரு கையோ காலோ செயலிழந்தால் 1 லட்சம். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஆயுள் காப்பீடு. அதற்குத் தனியாக 2 லட்சம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

நீரில் மூழ்கியவருக்குப் போலீஸ் பதிவு வேண்டும். வெள்ளம் வடியும்போது பாம்பு தீண்டியவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டே ஆதாரம். அதையோ, யாரும் பத்திரப்படுத்துவதில்லை! விபத்துக் காப்பீட்டை 30 நாளுக்குள் வங்கியில் கேட்பது நல்லது. துக்கம் ஆறட்டும் என்றிருந்தால் நாள் ஓடிவிடும்.

கைலாசபுரத்தில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். காணிக்கை வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் கைநாட்டு வைக்கும் ஒரு தாய்க்குப் படிவம் எழுதி, வங்கி வரிசையில் கூட நிற்க ஆள் வேண்டும். பெயர் கொடுங்கள்.