பாங்கி முறிவும் நாணயத்தின் காவலும்
(தாம்பரத்தில் நடைபெற்ற நமது சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் கல்வி நிதியை எங்கே வைப்பது என்னும் கேள்வி உங்கள் முன்னிலையில் இருக்கின்றது. பெரிய பாங்கியில் வட்டி குறைவு; நம்மவர் நடத்தும் நிதி நிறுவனத்தில் வட்டி அதிகம்; நம்மவரை நாமே நம்பாவிடில் வேறு யார் நம்புவர் என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை சொல்லுமுன், ஏறத்தாழத் தொண்ணூறு வருஷங்களுக்கு முன் நம் பக்கத்து நாட்டில் முறிந்த ஒரு பாங்கியின் சரித்திரத்தை உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். விடை அச்சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றது.

முதலில் பாங்கி என்பது யாதென்று தெளிவோம். நாம் கொண்டுபோய்க் கட்டும் பணம் இரும்புப் பெட்டியில் அப்படியே கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. நூறு ரூபாய் கட்டினால் அதில் ஒரு சிறு பகுதியே ரொக்கமாக இருக்கும். எஞ்சியது வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடனாகப் போய்விடும். நாம் கேட்டவுடன் தருவதாகப் பாங்கி வாக்களிக்கின்றது. ஆனால் அது கொடுத்த கடனோ அறுவடைக்குப் பின்னரே, அல்லது தோட்டம் பலன் தந்த பின்னரே திரும்பி வரும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள காலத்தைத் தாங்கி நிற்பது ஜனங்களின் நம்பிக்கை ஒன்றே. காசுக்கும் யோக்கியதைக்கும் நாணயம் என்னும் ஒரே பெயரைத் தமிழ் வழங்கியிருப்பது பொருத்தமே.

இந்நம்பிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னை நகரம் 1906ஆம் வருஷத்திலேயே கண்டது. அவ்வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி தன் கதவை மூடியது. உத்தியோகஸ்தர்களும் மிராசுதார்களும் விதவைகளும் தம் சேமிப்பை அக்கம்பெனியில் வைத்திருந்தனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அத்துன்பத்தினின்று ஒரு நன்மையும் விளைந்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907ஆம் வருஷம் இந்தியன் பாங்கியை நிறுவினர். ஆயினும் பாங்கிகளுக்கென்று தனிச் சட்டம் அன்று தோன்றவில்லை. அதற்கு இன்னொரு வீழ்ச்சி தேவைப்பட்டது.

1929ஆம் வருஷ இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் கடல் கடந்து நம் வயல்களையும் வந்தடைந்தது. சில வருஷங்களுக்குள் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடன் தொகை மாத்திரம் குறையவில்லை. முன்னே பத்து மூட்டை நெல் விற்று அடைத்திருக்கக்கூடிய கடனை இப்பொழுது இருபது மூட்டை விற்றே அடைக்கவேண்டியதாயிற்று. பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தாரின் நிலை இதற்குத் தக்க சான்று. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் அவர்கள் வசமிருந்த சாகுபடி நிலம் 1930ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 6 பங்கு; 1938ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 25 பங்கு. இதைச் செல்வப் பெருக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ரொக்கமாகத் திரும்பவேண்டிய கடன், வாங்குவாரில்லாத மண்ணாகத் திரும்பி வந்தது. கணக்குப் புஸ்தகத்தில் சொத்து உண்டு. கையில் காசு இல்லை. பாங்கிகளுக்கு மரணத்தை விளைவிக்கும் நோய் இதுவே.

திருவாங்கூர் சமஸ்தானத்திலும் தேங்காய், மிளகு, ரப்பர் ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்தன. அங்கே திருவல்லா என்னும் சிறு பட்டணத்தில் 1912ஆம் வருஷம் கே. ஸி. மாம்மன் மாப்பிள்ளை முயற்சியால் திருவாங்கூர் நேஷனல் பாங்கி தோன்றியது. 1919ஆம் வருஷம் கொல்லத்தில் ஸி. பி. மாத்தன் குயிலான் பாங்கியை நிறுவினார். இரண்டையும் வளர்த்ததில் சிரியன் கிறிஸ்தவ சமூகத்தாரின் ஊக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிற சமூகத்தாரும் நம்பிப் பணம் கட்டினர். 1937ஆம் வருஷம் இரண்டும் ஐக்கியமாகித் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி என்னும் பெயருடன் தென்னிந்தியாவின் பெரிய பாங்கிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. சென்னையிலும் அதற்குக் காரியாலயம் இருந்தது. ரிசர்வ் பாங்கியின் அட்டவணையிலும் அதன் பெயர் இடம் பெற்றிருந்தது.

அட்டவணையில் பெயர் இருப்பதையே சர்க்கார் ஜாமீன் என்று ஜனங்கள் கருதிவிட்டனர். உண்மையில் ஐந்து லக்ஷம் ரூபாய்க்குக் குறையாத மூலதனமும் சேமநிதியும் இருத்தல் வேண்டும். கேட்டவுடன் தரவேண்டிய பணத்தில் நூற்றுக்கு 5 பங்கும் தவணைப் பணத்தில் நூற்றுக்கு 2 பங்கும் ரிசர்வ் பாங்கியில் வைத்திருத்தல் வேண்டும். அன்றைய முக்கிய நிபந்தனைகள் இவையே. 1935ஆம் வருஷம் வேலை தொடங்கிய ரிசர்வ் பாங்கிக்கு, ஒரு பாங்கியின் உள்ளே புகுந்து கணக்கைச் சோதித்துத் திருத்தும் அதிகாரம் அந்நாளில் இல்லை. சட்டம் ஏற்ற ஈடுகளின்மேல் மாத்திரமே அது கடன் தரலாம். தோட்டமும் வீடும் அவ்வித ஈடுகள் ஆகா.

ஐக்கியமான மறு வருஷமே டிபாசிட்தாரர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினர். ஒருவர் எடுப்பதைக் கண்டு மற்றொருவர் எடுத்தார். நல்ல நிலையிலுள்ள பாங்கியும் ஒரே வாரத்தில் எல்லாரும் கேட்டால் கொடுக்கவியலாது. மந்தத்தால் நலிந்த பாங்கி எங்ஙனம் கொடுக்கும்? 1938ஆம் வருஷம் ஜூன் 21ஆம் தேதி அது கதவை மூடியது. சென்னை ஹைகோர்ட்டின் கட்டளைப்படி கலைப்பு நடவடிக்கை தொடங்கிற்று. அவ்வருஷம் அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளை சென்னையில் கைது செய்யப்பட்டார்; பின்னர்த் திருவாங்கூரில் அவரும் மாத்தனும் விசாரணைக்குட்பட்டுத் தண்டனையடைந்தனர்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது என்பதில் இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. திவான் ஸர் ஸி. பி. ராமசாமி ஐயருக்கும் மாம்மன் மாப்பிள்ளைக்கும் இருந்த அரசியல் பகையே பாங்கியைக் கொன்றது என்பர் ஒரு கட்சியார். அவருடைய மலையாள மனோரமா பத்திரிகையும் அதே 1938ஆம் வருஷத்தில் மூடப்பட்டதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். பாங்கியின் கடன்களே உறுதியற்றவை என்பர் மற்றொரு கட்சியார். இவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. எக்கட்சி மெய்யாயினும் டிபாசிட்தாரனுக்குக் கிடைத்த பாடம் ஒன்றே: பகைவன் ஊதியவுடன் அணையும் விளக்காக ஒரு பாங்கி இருக்குமாயின், அதன் நிலையை முன்னரே அறிய அவனுக்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டும். அவ்வழி அந்நாளில் இல்லை.

இனி, கலைப்பு என்பது எவ்வாறு நடக்கும் என்பதை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். கோர்ட்டு ஒரு கலைப்பதிகாரியை நியமிக்கின்றது. லிக்விடேட்டர் என்று அவரை அழைப்பர். பாங்கியின் சாவி, புஸ்தகம், சொத்து யாவும் அவர் கைக்குப் போகின்றன. அந்நாளில் டிபாசிட்தாரன் தனக்கு வரவேண்டிய தொகையை ரசீது காட்டி ருசுப்படுத்த வேண்டியிருந்தது. பலர் இவ்விடத்தில் வியப்படைகின்றனர். "என் பணம் அங்கே இருக்கின்றது, அதைத் தந்தால் போதும்" என்கின்றனர். சட்டமோ, நீ கட்டிய அன்றே அது பாங்கியின் பணமாயிற்று, நீ கடன் கொடுத்தவன் மாத்திரமே என்று சொல்கின்றது. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக நம்பிக்கைப் பொறுப்பில் ஒப்படைத்த பணம் என்று காட்டினாலன்றி முன்னுரிமை கிடையாது. இவ்வித வழக்குகள் இப்பாங்கியின் கலைப்பிலும் சென்னை ஹைகோர்ட்டின் முன் வந்தன.

பணம் பங்கிடப்படும் முறையும் அறியத்தக்கது. தனி ஈடு பெற்றவர் தம் ஈட்டைப் பற்றிக்கொள்வர். கலைப்புச் செலவும், சட்டம் முன்னுரிமை தந்த வரியும் சிப்பந்திகளின் சம்பள பாக்கியும் முதலில் கழியும். எஞ்சியதை அந்நாளில் டிபாசிட்தாரர் முதலிய சாதாரணக் கடன்காரர் எல்லாரும் ரூபாய்க்கு இத்தனை அணா என்று சமவிகிதத்தில் தவணை தவணையாகப் பெற்றனர். பங்குதாரன் கடைசியிலே நிற்பவன். அந்நாளில் பங்கின் முழுத் தொகையையும் கட்டாதவர் பலர் இருந்தனர். அவர்கள் லாபத்தை எதிர்பார்த்த இடத்தில், மிச்சத் தொகையையும் கட்டும்படி கலைப்பதிகாரியின் நோட்டீசே வரும்.

கடன் வாங்கியவனும் இதில் தப்புவதில்லை. உயிரோடிருக்கும் பாங்கி, நல்ல வாடிக்கைக்காரனுக்குத் தவணை நீட்டிக் கொடுக்கும். கலைப்பதிகாரியின் கடமையோ வசூலித்து முடிப்பது. அவர் வழக்குத் தொடுப்பார். நிலம் ஏலத்துக்கு வரும். வாங்குவோர் இல்லாத காலத்தில் பல நிலங்கள் ஒருங்கே ஏலத்துக்கு வந்தால் விலை இன்னும் தாழும். விலை தாழ்ந்தால் டிபாசிட்தாரனுக்குக் கிடைக்கும் பங்கும் குறையும். இடையில் பெண் கலியாணத்துக்கும் வைத்தியத்துக்கும் பணமின்றித் தவிப்பவன், தன் ரசீதைப் பாதி விலைக்கும் விற்க இசைவான். ஒரு சிறு பட்டணத்தின் பாங்கி மூடினால், கட்டியவனும் வாங்கியவனும், இருவரிடமும் வியாபாரம் செய்த கடைக்காரனும் ஒருங்கே வீழ்கின்றனர்.

இத்துன்பங்கள் வீண் போகவில்லை. அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ ஒன்பதாயிரம் பாங்கிகள் முறிந்த பின்னர், 1934ஆம் வருஷம் ஜனவரி முதல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. இங்கே, திருவாங்கூர்ப் பாங்கி முறிந்த மறு வருஷமாகிய 1939இல் ரிசர்வ் பாங்கி தனிப் பாங்கிச் சட்டத்துக்கு யோசனை சமர்ப்பித்தது. 1949ஆம் வருஷம் அது சட்டமாயிற்று. கணக்கைச் சோதிக்கும் அதிகாரமும் நிலைபெற்றது. 1960ஆம் வருஷம் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. அதன்பின் 1962ஆம் வருஷம் ஜனவரியில் நம் நாட்டிலும் டிபாசிட் இன்ஷூரன்ஸ் பிறந்தது. முதலில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 1993இல் ஒரு லக்ஷம். 2020ஆம் வருஷம் பிப்ரவரி முதல் அசலும் வட்டியும் சேர்ந்து ஐந்து லக்ஷம். கரூரில் 1926ஆம் வருஷம் தோன்றிய லக்ஷ்மி விலாஸ் பாங்கி 2020ஆம் வருஷம் நவம்பரில் தளர்ந்தபொழுது, சில நாட்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை இருந்தது. பின்னர் அது டி.பி.எஸ். பாங்கியோடு இணைக்கப்பட்டது. டிபாசிட்தாரரின் பணம் முழுதும் பிழைத்தது. பங்குதாரரின் முதல் முழுதும் அழிந்தது. 1938க்கும் 2020க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆனால் இக்காவல் எங்கு உண்டு, எங்கு இல்லை என்பதை அறியவேண்டும். 1931ஆம் வருஷம் மின்சார ரயில் தாம்பரம் வரை வந்த நாள்முதல் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களில் மாதச் சம்பளக்காரரும் பென்ஷன்தாரரும் பெருகினர். சேமிப்பு பெருகும் இடத்தை நாடி நிதிகளும் சீட்டுகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் வருவது இயல்பு. நிதிகளுள் நூறாண்டு கடந்து நன்கு நடப்பவையும் உண்டு. எனினும் டிபாசிட் இன்ஷூரன்ஸ் பாங்கிகளுக்கே உரியது. நிதிக்கும் சீட்டுக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் அது கிடையாது. 1990களில் சென்னையில் நிதி நிறுவனங்கள் பல மூடிய பின்னர், 1997ஆம் வருஷம் தமிழ்நாடு டிபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் குற்றவாளியின் சொத்தைப் பற்றும். எஞ்சாத சொத்தை எவ்வாறு பற்றும்?

"நம்மவர்" என்னும் சொல்லுக்கு வருவோம். அச்சொல்லின் வலிமையை நான் மறுக்கவில்லை. 1921ஆம் வருஷம் தூத்துக்குடியில் நாடார் பாங்கி தோன்றியதும், இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கியாக எல்லாருக்கும் பயன்படுவதும் ஒரு சமூகத்தாரின் ஐக்கியத்தால் விளைந்தவையே. ஐக்கியம் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கி வைக்கும். கணக்கு அதைக் காப்பாற்றும். உறவினர் என்பதற்காகக் கணக்குக் கேட்கக் கூசுவோமாயின், அவரைத் தவறுக்குள் தள்ளியவர்களும் நாமே ஆவோம். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கின்றனர்.

ஆகவே சங்கத்துக்கு நான் செய்யும் விண்ணப்பம் நான்கு. கல்வி நிதியை இன்ஷூரன்ஸ் பெற்ற பாங்கிகளில் மாத்திரம் வைக்க வேண்டும். ஒரே பாங்கியின் பல கிளைகளில் வைத்தாலும் கணக்கு ஒன்றே ஆதலால், ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்டதைப் பல பாங்கிகளில் பகிர்ந்து வைக்க வேண்டும். வட்டி அதிகம் என்பதையே எச்சரிக்கையாகக் கொண்டு, எங்கிருந்து அவ்வட்டி வருகின்றது என்று கேட்க வேண்டும். டிபாசிட் ரசீதுகளின் விவரத்தை வருஷந்தோறும் மகாசபையின் முன் படிக்க வேண்டும்.

அந்நிதி நம் சொந்தப் பணமன்று. இனிக் கல்லூரி வாசலை மிதிக்கவேண்டிய ஏழைப் பிள்ளைகளின் பணம். சொந்தப் பணத்தில் துணிவது அவரவர் விருப்பம். பிறர் பணத்தில் துணிவது தர்மமன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றிலே போடாமல் காப்பதற்கு அளவு இன்னும் அவசியம்.