செய்தியின் ஸனதை ஆராய்வோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எங்கே என்று கேட்டீர்கள். அது உங்கள் உரிமை, கடமையும்கூட. பணத்திற்குக் கேட்கும் ரசீதை, நம் செவிக்கு வந்து சேரும் செய்திகளுக்கும் நாம் கேட்கிறோமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியிருந்த நேரம். அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், ஊசி மூலமாக உடம்புக்குள் சிப் வைக்கிறார்களாமே, உண்மையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி ஒரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றிருக்க வேண்டும். மாறாக, "அல்லாஹ் போதுமானவன், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் அதை வேண்டாம் என்பதாகவே விளங்கிக்கொண்டார். மே மாதத்தில் நோயுற்றுப் பதினொரு நாட்கள் பிராணவாயுவின் துணையோடு மருத்துவமனையில் கிடந்தார். அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வந்தார். "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் ஹஜ்ரத்" என்று அவர் கூறியது இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

அதன் பிறகே இந்த "சிப்" அச்சத்தின் வேரைத் தேடிப் படிக்கலானேன். அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு முன்னரே இதே அச்சம், அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைச் சுற்றி எழுந்திருந்தது. அதன் வரலாறு நமக்கு நல்லதொரு பாடம்.

அதிபர் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்பீடு இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு அதைப் பெற்றுத் தருவது அதன் நோக்கம். ஆனால், "2013 மார்ச் 23-க்குள் அமெரிக்கர் ஒவ்வொருவரின் உடலிலும் சிப் பொருத்தப்படும், சட்டமே அவ்வாறு கட்டளையிடுகிறது" என்றொரு செய்தி பரவிற்று. மசோதாவின் எண்ணும் பிரிவும் பக்கமும்கூடக் குறிப்பிடப்பட்டிருந்தன. எண்ணைக் கண்டால் மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

மதரஸாவில் ஹதீஸ் கிதாபுகளை ஓதியபோது எங்கள் உஸ்தாதுமார்கள் முதலில் கற்றுத்தந்தது ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, ஆராய்வதைத்தான். யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்தார்களா? தொடர் எங்கே அறுகிறது? அதே முறையில் இச்செய்தியையும் பார்ப்போம்.

முதல் கண்ணி: சிப் என்ற ஒன்று உண்டா? உண்டு. வெரிசிப் என்ற சிப்பை மனித உடலில் மருத்துவத் தேவைக்காகப் பொருத்த, 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதியளித்தது. அது ஓர் அரிசி மணியளவே. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன். மேற்கையின் தோலுக்கடியில் வைப்பார்கள். அதில் இருந்தது 16 இலக்க எண் ஒன்று மட்டுமே. மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுசென்றால்தான் எண் தெரியும். ஆள் இருக்குமிடத்தைக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை. விரும்பியவர்களுக்கு மட்டுமே பொருத்தப்பட்ட அது, வாங்குவோர் குறைவாக இருந்ததால் 2010-இல் விற்பனையிலிருந்தே நின்றுபோனது.

இரண்டாம் கண்ணி: மசோதாவில் அந்தப் பிரிவு உண்டா? 2009 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவரப்பட்ட 3200-ஆம் எண் மசோதாவின் 2521-ஆம் பிரிவு, மருத்துவக் கருவிகளுக்கான தேசியப் பதிவேடு ஒன்றைப் பற்றிப் பேசியது. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி, செயற்கை இடுப்பு மூட்டு போன்றவை பிற்காலத்தில் பழுதாகின்றனவா, நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கின்றனவா என்று தகவல் திரட்டுவதே அதன் நோக்கம். உடலில் பொருத்தத்தக்க இரண்டாம் வகைக் கருவிகளும் அதில் அடங்கும் என்று எழுதப்பட்டிருந்தது. வெரிசிப்பும் நிர்வாகத்தின் பட்டியலில் இரண்டாம் வகைக் கருவியே. இவ்விரண்டையும் எவரோ முடிச்சுப் போட்டார். "பொருத்தப்பட்டிருந்தால் பதிவு செய்க" என்பது "அனைவருக்கும் பொருத்துக" என்றாகிவிட்டது.

மூன்றாம் கண்ணியில்தான் தொடர் முற்றாக அறுகிறது. 3200-ஆம் எண் மசோதா சட்டமாகவே இல்லை. சட்டமானது 3590-ஆம் எண்ணுடைய வேறொரு மசோதா. அப்பதிவேட்டுப் பிரிவு நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை. குறிப்பிட்ட 2013 மார்ச் 23 வந்தது, சென்றது. எவர் உடலிலும் எவரும் சிப் வைக்கவில்லை.

அப்படியென்றால் அஞ்சியவர்கள் எல்லோரும் அறிவிலிகளா? அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சட்டத்தில் ஒரு கட்டாயம் இருந்தது உண்மை. காப்பீடு பெறாதவர்கள் 2014 முதல் அபராதம் செலுத்த வேண்டும் என்றிருந்தது. 2019 முதல் அத்தொகை பூஜ்ஜியமாக்கப்பட்டது. கிறிஸ்தவர்களின் வேதத்தில் வெளிப்படுத்தின விசேஷம் என்ற ஆகமம், கையிலோ நெற்றியிலோ முத்திரையில்லாதவர் வாங்கவும் விற்கவும் இயலாத ஒரு காலத்தைப் பேசுகிறது. அதை நம்பி வாழ்பவருக்குக் கையில் வைக்கும் சிப் என்றதும் உள்ளம் நடுங்குவது இயல்பே.

மேலும், அரசும் மருத்துவமும் மக்களின் நம்பிக்கையைக் காயப்படுத்திய வரலாறும் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோயால் அவதியுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் கிடைத்த பின்னரும் அதைக் கொடுக்காமல் நோயின் போக்கை மட்டும் அரசு சுகாதாரத் துறையினர் கவனித்து வந்தார்கள். 1997-இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கோரினார். பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-ஆம் ஆண்டு, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் அமெரிக்க உளவுத்துறை ஆள் தேடியது. தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-இல் வெள்ளை மாளிகை உறுதியளிக்க நேர்ந்தது. இடையில் அந்நாட்டில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற அப்பாவி ஊழியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஐயம் வளர்த்த வதந்திக்குப் பலியானவர்கள் அவர்களும், மருந்து கிட்டாத குழந்தைகளுமே.

ஆகவே அச்சப்படுபவரைக் கேலி செய்யாதீர்கள். அச்சத்தை முறையாகக் கையாண்டவர்களும் அதே அமெரிக்காவில் இருந்தார்கள். எவரையும் கட்டாயப்படுத்திச் சிப் பொருத்தக்கூடாது என்று விஸ்கான்சின் மாநிலம் 2006-இலேயே சட்டமியற்றியது. வடக்கு டகோட்டாவும் கலிஃபோர்னியாவும் 2007-இல் அவ்வழியே சென்றன. கவலைக்குரிய கதவு ஒன்று திறந்திருப்பதைக் கண்டார்கள். தெருவில் கூக்குரலிடாமல் அதைச் சட்டத்தால் அடைத்தார்கள். அச்சம் அவர்களிடத்தில் விழிப்புணர்வாயிற்று, ஆராயாதவர்களிடத்தில் வதந்தியாயிற்று.

நம் பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்வேன். மேலே சொன்ன சிப்பின் பருமன் 2 மில்லிமீட்டர். தடுப்பூசிக்குரிய ஊசியோ ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது. அது அந்தத் துளை வழியே செல்லவே செல்லாது. நம் நடமாட்டத்தை அறிய விரும்புபவருக்கு உடலுக்குள் எதையும் வைக்க வேண்டிய தேவையுமில்லை. நாமே விலை கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் சுமக்கும் கைப்பேசி போதும். அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு இல்லாததற்கு அஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

ஜமாஅத்தார்களே! சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையைவிட்டும் எச்சரிக்கிறது. அந்த வருத்தம் எத்தகையது என்பதை நான் அனுபவித்து அறிந்தேன். பொய்யைப் பரப்புவது மட்டுமன்று. அறிய வேண்டியதை அறியாமல் மழுப்பிச் செல்வதும் தீங்கையே விளைவிக்கும்.

எனவே இரு வேண்டுகோள்கள். மருத்துவம் பற்றிய எச்செய்தியையும் மருத்துவர் ஒருவரிடம் விசாரிக்காமல் நம் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். ஐயம் எழுந்தால் என்னிடம் வாருங்கள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் உங்களுடன் நானும் வருவேன். இது என் வாக்குறுதி.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் செவிகளையும் பொய்யிலிருந்து பாதுகாத்து, நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.