மல்லிகை நாற்றும் தாய்ச்செடியும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பேசிச்சு. ஆனா மதுரைப் பக்கத்துத் தோட்டக்காரங்களிடம் நாற்று எங்கே வாங்குனீங்கன்னு கேட்டா, பல பேர் நம்ம தங்கச்சிமடத்தைத்தான் சொல்வாங்க. குண்டுமல்லியில் 'இராமநாதபுரம் குண்டுமல்லி' என்றே பெயர் வாங்கிய ரகமும் உண்டு. பேரு அங்கே, வேரு இங்கேன்னு ஒரு அக்கா சொல்லிச் சிரிச்சாங்க.

நம் தீவு மணல் இதற்குத் தோதானது. தண்ணீர் தேங்காது, குச்சி அழுகாது. பிடுங்கும்போது வேர் அறாமல் வரும். அதனால்தான் நாற்று போடுவது நம் பெண்களுக்குக் கைவந்த தொழில். அதில் நாங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நாங்கள் பேச வந்தது தாய்ச்செடியைப் பற்றி.

ஒரு குழு, பெயர் வேண்டாம், உட்கடன் வாங்கி நாற்று போட்டாங்க. நல்லா வேர் பிடிச்சுது. வெளியூர் வியாபாரி மொத்தமா எடுத்துட்டுப் போனார். மறுவருஷம் அவர் திரும்பி வந்தது சண்டைக்கு. மொட்டு வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்தா வந்திருக்கு. எள்ளுல பூவிலை நோய் பார்த்திருப்பீங்களே, அந்த மாதிரி. குச்சி எங்கே வெட்டுனீங்கன்னு விசாரிச்சா, கவாத்து செய்த தோட்டத்துல குவிச்சுப் போட்டிருந்ததை அள்ளிட்டு வந்திருக்காங்க. வியாபாரி அடுத்த ஆர்டர் தரவில்லை. தவணை நின்னுது. ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. அந்தக் கடன் மனுவில் நாங்களும் கையெழுத்துப் போட்டிருந்தோம். பாத்தியைப் பார்த்தோம், தாய்ச்செடியைப் போய்ப் பார்க்கலை. அது எங்க தப்பு.

குண்டுமல்லி விதை பிடிக்கிறது மிக அபூர்வம். குச்சி வெச்சுத்தான் வளர்க்கிறோம். அதனால தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. நல்ல குணமும் வரும், பூவிலை நோயும் கூடவே வரும். இதுக்கு மருந்தடிச்சுக் குணமாக்க முடியாது. அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்கணும்.

ஆகவே பூக்கும் காலத்திலேயே செடியைப் பார்த்து வையுங்க. மொட்டு திரண்டு, நிறைய வர்ற செடிக்கு ஒரு துணி நாடா கட்டிடுங்க. இலை மஞ்சளாப் போன செடி வேண்டாம். அது இரும்புச்சத்துக் குறையாகவும் இருக்கலாம், வேரில் நூற்புழுவாகவும் இருக்கலாம். ஓரமா மண்ணைத் தள்ளி வேரைப் பாருங்க. மணிமணியா முடிச்சு இருந்தா நூற்புழுதான். மணல் நிலத்துல இது அதிகம். அந்த மண்ணை நாற்றுப் பாத்திக்குக் கொண்டுவரவே கூடாது.

நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போதுதான் எல்லாக் குச்சியும் கலந்துபோகுது. நாடா கட்டிய செடியை முதலில் வெட்டி, தனிக் கட்டாக் கட்டி, நிழலில் ஈரச்சாக்கு சுற்றி வையுங்க. பிறகு மற்ற செடிக்குப் போங்க. கூலிக்கு வர்றவங்ககிட்டயும் இதை முன்கூட்டியே சொல்லிடணும்.

தண்ணீர் விஷயம் தெரிந்ததுதான். மணலில் ஊறும் நல்ல தண்ணீரை மோட்டார் வைத்து ஒரேயடியா இழுத்தா உப்பு ஏறும். இளவேர் அதைத் தாங்காது. உப்பு ஏறிட்ட இடத்துல அரளி, காகிதப்பூ போட்டுப் பாருங்க. ரெண்டும் ஓரளவு உப்பைத் தாங்கும், வீடு, விடுதி முன்னால வைக்கக் கேட்கிறவங்களும் இருக்காங்க.

கூடுதல் வேலைன்னு முணுமுணுக்கிறது கேட்குது. சரிதான். காசு கொடுத்துக் குச்சி வாங்குற குழுவுக்கு இது கஷ்டம். அதனால ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பொதுத் தாய்ச்செடிப் பாத்தி வைக்கலாமா என்று இன்றே பேசி முடிவெடுங்க. அடுத்த மாதம் முதல் நாற்றுக் கடன் மனுவோடு, தாய்ச்செடி எத்தனை, யார் தோட்டத்தில் இருக்குன்னு ஒரு தாள் இணைக்கணும். நாங்களும் நேரில் வந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.