கையோடு வரும் கேமரா எது?



பினாங்கில் கேமரா வைத்திருப்பவர்கள் ஏராளம். அதைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு. கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் அலமாரியிலிருந்து இறங்கும் பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா, மறுநாளே அலமாரிக்குத் திரும்பி விடுகிறது. லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டும் சாமானை மீன் வாங்கப் போகிறவர் தோளில் மாட்டிக் கொண்டா போவார்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். துறைமுகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் கார் ஏற்றிச் சென்றது 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்று போனது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறலாம். பல ஆண்டுகள் தினமும் அந்தப் பழைய ஃபெரியில் வேலைக்குப் போய் வந்தவர்களின் வீட்டில் எத்தனை படம் இருக்கும்? கடைசி வாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று எடுத்தவை இருக்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் சாப்பாட்டுப் பொட்டலக்காரர்களுமாக இருந்த தளத்தின் படம் அபூர்வம்.

தெருக்களின் கதையும் அதுதான். பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல காலி செய்து கொண்டு போயின. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தபோது, கட்டடம் நின்றது. அதன் அஞ்சடியில் உட்கார்ந்து பூக்கட்டியவரும், மாவு அரைத்தவரும் பல இடங்களில் இல்லை. சுவரோவியத்தின் முன் நின்று எடுத்த படத்துக்குக் குறைவில்லை. பூக்கட்டியவரின் படத்துக்குத்தான் பஞ்சம்.

“கைப்பேசி இருக்கிறதே?” என்பார்கள். நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில் கைப்பேசி போதும். ஆனால் மாலை ஏழரைக்கு, ஒற்றை விளக்கு எரியும் அஞ்சடியில், நகரும் மனிதரை எடுக்கும்போது அது தடுமாறும். காரணம், ஒளியை வாங்கும் சென்ஸாரின் பரப்பு. பெரும்பாலான கைப்பேசிகளில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற வகைக் கேமராவில் அது 17.3-க்கு 13 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி என்ற வகையில் ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ.

சின்னக் கேமரா என்பது புதிய ஆசையல்ல. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைகா 1925-இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் லென்ஸ் மாற்றும் வசதியும் சேர்ந்தது. ஜப்பானில் மைத்தானி என்ற பொறியாளர் வடிவமைத்த ஒலிம்பஸ் பென், 1959-இல் 36 படச் சுருளில் 72 படம் எடுக்க வைத்தது. சிக்கனக்காரர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்! நம் பக்கத்துச் சிங்கப்பூரிலேயே 1970-களில் ரோலை 35 என்ற குட்டிக் கேமரா தயாரானது. ஆனால் அதில் லென்ஸ் மாற்ற முடியாது. டிஜிட்டலில் கதவைத் திறந்தது 2008. உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய பானாசோனிக் ஜி1 அந்த ஆண்டுதான் வந்தது. மறு ஆண்டு ஒலிம்பஸ் தன் பழைய பென் பெயரையே புதுக் கேமராவுக்குச் சூட்டியது.

கடைக்குப் போகிறவர் செய்யும் பிழை இங்கேதான். கேமராவின் உடலை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “அடடா, எவ்வளவு சின்னது!” என்று பணத்தை எடுத்துக் கொடுத்து விடுகிறார். 2013-இல் வந்த பானாசோனிக் ஜிஎம்1, பேட்டரியோடு 204 கிராம்தான். அதில் அரைக்கிலோ லென்ஸைப் பூட்டினால் எலிக்கு யானைத் தலை வைத்த மாதிரிதான். லென்ஸும் உடலும் சேர்ந்துதான் கேமரா. ஆகவே முதலில் லென்ஸைத் தேர்ந்தெடுத்து விட்டு, அதற்குப் பொருந்தும் உடலைப் பார்ப்பதே சரி.

பணியாரம் போலத் தட்டையான லென்ஸ்கள் இருக்கின்றன. பானாசோனிக் 14 மி.மீ. லென்ஸ் 55 கிராம். குறுகிய சந்தில் முழுக் கடையையும் அடக்கும். அதன் 20 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7 துளையோடு, சுமார் 100 கிராம். கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸின் எஃப் 3.5-ஐவிட இது நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். அஞ்சடி இருட்டுக்கு இதுவே மருந்து. முகம் எடுக்க ஒலிம்பஸ் 45 மி.மீ., 116 கிராம். இந்த மூன்றும் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தின் இடத்தில் அடங்கி விடும். ஏ.பி.எஸ்.-சி பக்கம் போனால் படம் இருட்டில் இன்னும் தெளிவு. ஆனால் லென்ஸ்கள் பொதுவாகச் சற்றுப் பெரியவை. தினமும் தூக்குவதற்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கே ஓட்டுப் போடலாம்.

பழைய கேமரா வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் அந்த லென்ஸ் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிக்கான் 1 வரிசை 2018-இல் நின்றது. கேனன் இஓஎஸ் எம் 2023-இல் நின்றது. வாரிசில்லாத குடும்பத்தில் பெண் எடுத்த கதையாகி விடக் கூடாது. குட்டிக் கேமராவில் பேட்டரியும் குட்டிதான். ஜிஎம்1-க்கு ஒரு முறை ஏற்றினால் ஏறக்குறைய 230 படம். கூடுதலாக ஒரு பேட்டரி அவசியம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் வேளையை நினைத்துப் பாருங்கள். சாலையெங்கும் தேங்காய் உடைகிறது, இளநீர் தெறிக்கிறது, கற்பூரப் புகை. அங்கே லென்ஸை மாற்றுவது வம்பு. இந்த வகைக் கேமராக்களில் சென்ஸாரின் முன்னால் கண்ணாடி இல்லாததால், லென்ஸைக் கழற்றினால் தூசி நேரே போய் ஒட்டும். மிகச் சிறிய உடல்கள் பலவற்றுக்கு மழைக்காப்பும் கிடையாது. வீட்டிலேயே 20 மி.மீ.-ஐப் பூட்டிக் கொண்டு போய், அதோடேயே திரும்பி வருவது நல்லது. பெரிய கேமராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளும் பாட்டியும் குட்டிக் கேமராவைக் கண்டு சிரித்து விடுவார். இது அதன் இலவச லாபம்.

கடைசியாகப் பூஞ்சை. கடலோர ஊரின் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலப் படர்வது இதுதான். தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டினால் விருந்து வைத்த மாதிரி. விலையுயர்ந்த உலர்பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால், ஈரம் ஏறியது தெரியும். அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடியும் டப்பாவில் போட்டு விடலாம்.